கோஎக்ஸிஸ்ட்: கூட இருக்கிறது வேற, சேர்ந்து இருக்கிறது வேற

(எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கிறோம்; திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)

வாரம் ஒரு வார்த்தையை எடுத்துப் பிரிச்சுப் பார்க்கிறோம் இல்லையா, இந்த வார வார்த்தையால எனக்கு வீட்டுல மூணு நாள் மௌன விரதம் நடந்துச்சு. நான் இருக்கலை. என் ஃப்ளாட்மேட் இருந்தா.

நடந்தது இதுதான். அவளுக்கு நைட் ஷிஃப்ட். காலைல அஞ்சரைக்கு லேப்டாப்பை மூடிட்டுப் படுப்பா. எனக்கு ஆறு மணிக்கு விடியும். ஆறே காலுக்கு மிக்ஸில தேங்காய்ச் சட்னி ஓடும். எங்க வீட்டு மிக்ஸி சத்தம் எப்படின்னா, லிஃப்ட்டுல வர்றவங்களுக்கே இன்னைக்கு எங்க வீட்டுல இட்லின்னு தெரிஞ்சிடும். ஒருநாள் அவ பொறுக்க முடியாம நீளமா ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் போட்டா. தூக்கம், தலைவலி, பாத்திரம், பாத்ரூம் லைட்னு எல்லாமே அதுல இருந்துச்சு. நான் மீட்டிங்ல இருந்தேன். படிச்சேன். பெருந்தன்மையா பதில் சொல்றதா நினைச்சுக்கிட்டு ஒரே வரி அனுப்பினேன்: "நோ வொர்ரீஸ், வி கேன் கோஎக்ஸிஸ்ட்."

ரெண்டு புளூ டிக் விழுந்துச்சு. பதில் இல்லை. மூணு நாள் கழிச்சு கிச்சன்ல நின்னு சொன்னா: "கோஎக்ஸிஸ்ட்னா, நானும் இந்த ஃப்ரிட்ஜும்கூட அதைத்தான் பண்றோம்."

சிரிப்பு வந்துச்சு, ஆனா சிரிக்கலை. ஏன்னா அகராதிப்படி அவ சொன்னது சரி. அந்த வார்த்தை எவ்வளவு சொல்லுது, எவ்வளவு சொல்லாம விடுது, அதை எங்கே போடலாம், எங்கே போட்டா அடி விழும். இன்னைக்கு அதைத்தான் பார்க்கப் போறோம்.

முதல்ல, அர்த்தம்

'கோ'ன்னா கூட, சேர்ந்து. 'எக்ஸிஸ்ட்'னா இருப்பது. லத்தீன்ல இருந்து வந்த ரெண்டு துண்டும் ஒட்டி, ஆங்கிலத்துல 17-ஆம் நூற்றாண்டுல இருந்து புழக்கத்துல இருக்கு. ரெண்டு அல்லது அதுக்கு மேற்பட்ட விஷயங்கள் ஒரே காலத்துல, பெரும்பாலும் ஒரே இடத்துல, இருக்கிறது. அவ்வளவுதான் அர்த்தம்.

இதுல என்னென்ன இல்லைன்னு பாருங்க. ஒருத்தரை ஒருத்தர் பிடிக்கணும்னு இல்லை. உதவி பண்ணணும்னு இல்லை. ஒரே கருத்து இருக்கணும்னு இல்லை. பேசிக்கணும்னுகூட இல்லை. ஒரே ஒரு நிபந்தனைதான்: ஒண்ணு இருக்கிறதால இன்னொண்ணு இல்லாம போயிடக் கூடாது.

அதனாலதான் இந்த வார்த்தைக்கு உயிர் இருக்கிற ஆட்கள் தேவையே இல்லை. இயற்பியல்ல தண்ணிக்கு ஒரு 'மும்மைப் புள்ளி' உண்டு. வெப்பநிலை 0.01 டிகிரி செல்சியஸ், அழுத்தம் சுமார் 611 பாஸ்கல். அதாவது நம்மைச் சுத்தி இருக்கிற காற்றழுத்தத்துல நூத்துல ஒரு பங்குகூட இல்லை. அந்தப் புள்ளியில பனிக்கட்டி, தண்ணி, நீராவி மூணும் ஒண்ணு இன்னொண்ணை முழுசா விழுங்காம கூடவே இருக்கும். ஆங்கிலப் பாடப்புத்தகம் அதுக்குப் போடுற வினைச்சொல் கோஎக்ஸிஸ்ட்தான். அதே மாதிரி டாக்டர் ரிப்போர்ட்ல ஒரே ஆளுக்கு சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருந்தா, 'கோஎக்ஸிஸ்டிங் கண்டிஷன்ஸ்'னு எழுதுவாங்க. ரெண்டு வியாதியும் நல்லிணக்கமா இருக்குன்னு யாரும் சந்தோஷப்பட மாட்டோம் இல்லையா!

மனசுக்குள்ளயும் இது நடக்கும். புது வேலை கிடைச்ச அன்னைக்கு சந்தோஷமும் பயமும் ஒண்ணாவே வயித்துல உட்கார்ந்திருக்கும். "ஜாய் அண்ட் ஃபியர் கேன் கோஎக்ஸிஸ்ட்"னு ஆங்கிலத்துல சொல்றது அதைத்தான். ஒண்ணு வந்தா இன்னொண்ணு கிளம்பியே ஆகணும்னு கட்டாயம் இல்லை.

சரி, எப்படிப் பயன்படுத்தறது?

மெயில்லயும் இன்டர்வியூலயும் இந்த வார்த்தையைப் போடுறவங்களுக்காக ஒரு நாலு விஷயம்.

ஒண்ணு, உச்சரிப்பு. மூணு அசை: கோ, இக், ஸிஸ்ட். அழுத்தம் கடைசியில. வேகமாச் சொல்லும்போது நடுவுல இருக்கிற 'இ'யை முழுங்கிட்டா வேற ஏதோ வார்த்தை மாதிரி கேட்கும். எழுதும்போது நடுவுல ஹைஃபன் போட்டும் எழுதுறாங்க, போடாமலும் எழுதுறாங்க. இப்போ போடாம எழுதுறதுதான் அதிகம்.

ரெண்டு, இதுக்குச் செயப்படுபொருள் கிடையாது. பள்ளிக்கூடத்துல படிச்ச 'இன்ட்ரான்சிட்டிவ்' இதுதான். "கோஎக்ஸிஸ்ட் ஈச் அதர்" தப்பு. "கோஎக்ஸிஸ்ட் வித் ஈச் அதர்" சரி. நடுவுல 'வித்' வேணும். "தி டூ சிஸ்டம்ஸ் ஆர் கோஎக்ஸிஸ்டட்"னு செயப்பாட்டு வினையாவும் எழுத முடியாது. யாரும் யாரையும் 'கோஎக்ஸிஸ்ட் பண்ண வைக்க' நேரடியா இந்த வினையால முடியாது. அவங்கவங்களேதான் பண்ணணும்.

மூணு, ஒத்தை ஆளால இந்த வினையைத் தனியாச் செய்ய முடியாது. "ஐ கோஎக்ஸிஸ்ட்"னு சொல்லி முற்றுப்புள்ளி வச்சா வாக்கியம் அந்தரத்துல தொங்கும். யாரோட? எதோட? ஒண்ணு, எழுவாய் பன்மையா இருக்கணும்: "ஓல்ட் அண்ட் நியூ கோஎக்ஸிஸ்ட் இன் திஸ் சிட்டி." இல்லைன்னா 'வித்' போட்டு ஜோடியைச் சொல்லணும்: "தி ஓல்ட் மார்க்கெட் கோஎக்ஸிஸ்ட்ஸ் வித் தி மால்." இந்த இலக்கணத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசில தேவைப்படும்.

நாலு, "கோஎக்ஸிஸ்ட் டுகெதர்"னு எழுதாதீங்க. 'கோ'விலேயே டுகெதர் உட்கார்ந்திருக்கு. 'நடு சென்டர்'னு சொல்ற மாதிரி ஆயிடும்.

பக்கத்து வீட்டு வார்த்தைகள் சிலதையும் பார்த்துடுவோம். 'கோஆப்பரேட்'னா ஒத்துழைக்கிறது, ரெண்டு பேரும் ஏதோ ஒரு வேலைக்குக் கை கொடுக்கணும். 'கோஹாபிட்'னா ஒரே வீட்டுல வாழ்றது, பெரும்பாலும் கல்யாணம் ஆகாம ஜோடியா வாழ்றதைக் குறிக்கும். ஃப்ளாட்மேட்டைப் பத்தி ஹெச்.ஆர். கிட்ட அந்த வார்த்தையைச் சொல்லிட்டு அப்புறம் முழிக்காதீங்க. 'டாலரேட்'னா பொறுத்துக்கிறது, அதுல ஒருத்தர் மேல, ஒருத்தர் கீழங்கிற வாடை கொஞ்சம் உண்டு. கோஎக்ஸிஸ்ட்ல அந்த மேல் கீழ் இல்லை. குறைஞ்சபட்சம், வெளியில தெரியாது.

தமிழ்ல என்ன சொல்றது?

நம்ம கிட்ட வார்த்தைகள் நிறைய இருக்கு. ஆனா ஒவ்வொண்ணும் கொஞ்சம் அதிகமாவோ கொஞ்சம் வேறயாவோ சொல்லும்.

'நல்லிணக்கம்'னு போட்டா, அங்கே ஏற்கெனவே நல்ல உறவு வந்தாச்சு. கோஎக்ஸிஸ்ட் அவ்வளவு தூரம் போகலை. 'சகிப்புத்தன்மை'ங்கிறது டாலரன்ஸ் பக்கம் போயிடும். 'சகவாசம்' இருக்கே, அதைப் பிரிச்சா 'கூட வசிக்கிறது'ன்னுதான் வரும். ஆனா வீட்டுல அந்தச் சொல் எப்போ காதுல விழும்? "கெட்ட சகவாசம்"னு திட்டும்போதுதான். பழைய நாளிதழ்ல, அரசியல் மேடைல 'சமாதான சகவாழ்வு'ன்னு ஒரு சொல் இருந்துச்சு. அர்த்தத்துல அதுதான் ரொம்பக் கிட்ட வரும். ஆனா அதை ஃப்ளாட்மேட் கிட்ட சொல்லிப் பாருங்க, ஐ.நா. சபைல இருந்து பேசுற மாதிரி இருக்கும்.

பேச்சுல நாம நிஜமா பயன்படுத்தறது 'அனுசரிச்சுப் போறது', இல்லைன்னா 'அட்ஜஸ்ட் பண்ணிக்கிறது'. இங்கேதான் ஒரு வித்தியாசம் ஒளிஞ்சிருக்கு. "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க"ன்னு பஸ்ஸுல ஒருத்தர் சொன்னா, நகரப் போறது யாரு? சொன்னவர் இல்லை, கேட்டவர். அட்ஜஸ்ட் பண்றது ஒருத்தரோட வேலை. கோஎக்ஸிஸ்ட் பண்றது, இலக்கணப்படி, ரெண்டு பேரோட வேலை.

எளிமையாத் தமிழ்ல சொல்லணும்னா, நான் 'உம்' போட்டுச் சொல்லுவேன்: "பழசும் இருக்கும், புதுசும் இருக்கும்." அந்த ரெண்டு 'உம்'மும் சேர்ந்தாலே பாதி கோஎக்ஸிஸ்ட் வந்துடும்.

'பீஸ்ஃபுல்' எதுக்கு ஒட்டுது?

இந்த வார்த்தை தனியா வர்றதைவிட, முன்னாடி ஒரு வால் கட்டிக்கிட்டு வர்றதைத்தான் செய்தியில அதிகமாப் பார்ப்பீங்க. 'பீஸ்ஃபுல் கோஎக்ஸிஸ்டன்ஸ்.' அமைதியான சகவாழ்வு. ஒரு நிமிஷம் யோசிங்க: அமைதின்னு தனியாச் சொல்ல வேண்டியிருக்குன்னா, அந்த வார்த்தைக்குள்ள அமைதி இயல்பா இல்லைன்னுதானே அர்த்தம்? அதனாலதான் 'அன்ஈஸி கோஎக்ஸிஸ்டன்ஸ்'னும் சொல்ல முடியுது. நெருடலோட கூட இருக்கிறது.

1954 ஏப்ரல் 29-ஆம் தேதி இந்தியாவும் சீனாவும் திபெத் தொடர்பான வணிக ஒப்பந்தம் ஒண்ணுல கையெழுத்துப் போட்டாங்க. அதோட முன்னுரைல அஞ்சு கொள்கைகள் இருந்துச்சு. அதைத்தான் பஞ்சசீலம்னு பாடத்துல படிச்சோம். அந்த அஞ்சாவது கொள்கைதான் அமைதியான சகவாழ்வு. எட்டு வருஷம் கழிச்சு, 1962 அக்டோபர்ல, அதே ரெண்டு நாடுகளுக்கும் நடுவுல போர்.

அந்தப் பக்கம், 1956-ல சோவியத் கம்யூனிஸ்ட் கட்சியோட 20-ஆவது மாநாட்டுல குருஷேவ் இதே சொல்லை முன்னுக்குக் கொண்டு வந்தார். அமெரிக்காவோட நட்பு ஆயிட்டோம்னு அதுக்கு அர்த்தம் இல்லை. போட்டி தொடரும், வாக்குவாதம் தொடரும், ஆனா ஒருத்தரை ஒருத்தர் போரால அழிக்கிற வழிக்குப் போக வேண்டாம். அணுகுண்டு ரெண்டு பக்கமும் இருந்த காலம் அது. அந்த நேரத்துல 'நண்பர்களா இருப்போம்'னு கேட்டிருந்தா யாரும் நம்பியிருக்க மாட்டாங்க. 'ரெண்டு பேரும் இருப்போம்'னு கேட்டதால ஒரு பேச்சாவது நடந்துச்சு.

இந்த வார்த்தையோட பலம் அதுதான். அது கம்மியாக் கேட்கும். பெரிய பகை இருக்கிற இடத்துல, கம்மியாக் கேட்கிறதுதான் முதல் படி.

கார் பின்னாடி, டி-ஷர்ட்ல நீங்க பார்த்திருக்கிற 'கோஎக்ஸிஸ்ட்' ஸ்டிக்கரும் இப்படி ஒரு இடத்துல இருந்துதான் வந்துச்சு. கிழக்கு, மேற்கு ஜெருசலேமைப் பிரிச்ச கோட்டு மேலேயே ஒரு அருங்காட்சியகம் இருக்கு. 2000-ல அது நடத்தின போட்டிக்காக போலந்து வடிவமைப்பாளர் ஒருத்தர் வரைஞ்சது அது. ஆங்கில எழுத்து 'சி' பிறை நிலாவா இருக்கும், 'எக்ஸ்' இருக்கிற இடத்துல தாவீதின் நட்சத்திரம், கடைசி 'டி' சிலுவை. மூணு மதத்துச் சின்னமும் ஒரே வார்த்தைக்குள்ள. பிறகு யூ2 பாடகர் போனோ தன்னோட கச்சேரிகள்ல இதைத் தலையில கட்டிக்கிட்டு வர, உலகம் முழுக்கப் பரவுச்சு. ஒரு ஸ்டிக்கர் ஒட்டுறது சுலபம். அந்த நகரத்துல வாழ்றவங்களுக்கு அது எவ்வளவு கஷ்டமான வேலைன்னு நான் சொல்லத் தேவையில்லை.

உண்மையில எப்படி நடக்குது?

"கோஎக்ஸிஸ்ட் பண்ணுங்க"ன்னு சொல்றது ஈஸி. எப்படி நடக்குதுன்னு கேட்டா, இதுக்கு நல்ல பதில் வச்சிருக்கிறது உயிரியல்.

கௌஸ்னு ஒரு ரஷ்ய விஞ்ஞானி. 1934-ல அவர் வெளியிட்ட சோதனை ஒண்ணு ரொம்பப் பிரபலம். பாரமீசியம்னு ஒரு செல் உயிரி, பள்ளில செருப்பு மாதிரி வரைஞ்சிருப்போம். அதுல ரெண்டு இனத்தைத் தனித்தனிக் குழாயில வளர்த்தார். ரெண்டும் நல்லா வளர்ந்துச்சு. ஒரே குழாயில, ஒரே சாப்பாட்டோட விட்டார். ஒண்ணு பெருகுச்சு, இன்னொண்ணு காணாமப் போச்சு. ஆனா வேற ஒரு ஜோடியைப் போட்டுப் பார்த்தப்போ ரெண்டும் பிழைச்சுது. காரணம், ஒண்ணு குழாயோட மேல் பகுதில மேய்ஞ்சுது, இன்னொண்ணு அடியில மேய்ஞ்சுது.

1958-ல ராபர்ட் மெக்ஆர்தர்ங்கிற அமெரிக்கச் சூழலியலாளர் இதையே காட்டுல பார்த்தார். வார்ப்ளர்னு பூச்சி தின்னுற சின்னக் குருவிகள். அஞ்சு இனம், ஒரே வகை ஊசியிலை மரத்துல, பார்த்தா ஒரே மாதிரி பூச்சிகளைத் தின்னுக்கிட்டு இருக்கு. எப்படி ஒண்ணு மத்ததை விரட்டலை? உட்கார்ந்து நேரம் குறிச்சுப் பார்த்தப்போ தெரிஞ்சுது: ஒரு இனம் மர உச்சியில அதிக நேரம், ஒண்ணு நடுக் கிளைகளோட உட்பக்கம், ஒண்ணு கீழே. மரம் ஒண்ணுதான், ஆனா அஞ்சு பேருக்கும் அஞ்சு வீடு.

ஆக, கோஎக்ஸிஸ்ட் பண்றவங்க எல்லா விஷயத்துலயும் ஒரே மாதிரி ஆகுறதில்லை. எங்கேயோ ஒரு கோடு போட்டு, இடத்தையோ நேரத்தையோ பிரிச்சுக்கிறாங்க.

இப்போ உங்க காதுல இருக்கிற புளூடூத் இயர்ஃபோனைப் பாருங்க. அதுவும் பல வீட்டு வைஃபையும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைலதான் ஓடுது. இஞ்சினியர்கள் இந்தப் பிரச்சினைக்கு வச்ச பேரே 'கோஎக்ஸிஸ்டன்ஸ்'தான். வழக்கமான புளூடூத் அந்த அலைவரிசையை 79 சேனலாப் பிரிச்சு, நொடிக்கு 1,600 தடவை ஒண்ணுல இருந்து ஒண்ணுக்குத் தாவும். 2003-ல வந்த 1.2 பதிப்புல இருந்து அதுக்கு இன்னொரு பழக்கம் வந்துச்சு: எந்தெந்தச் சேனல்ல வைஃபை கூட்டமா உட்கார்ந்திருக்கோ, அதை விட்டுட்டு மத்ததுல மட்டும் தாவும். அதனாலதான் யூட்யூப்ல வீடியோ ஓடும்போதே இயர்ஃபோன்ல பாட்டு விக்காம வருது.

இதுல ஒண்ணைக் கவனிச்சீங்களா? வைஃபை தன் சேனல்ல பாட்டுக்கு உட்கார்ந்திருக்கு. தாவித் தாவி ஒதுங்கிப் போறது புளூடூத். ரெண்டும் கோஎக்ஸிஸ்ட் பண்ணுதுன்னு சொல்றோம். ஆனா உழைப்பு ஒரு பக்கம் அதிகம். மெஷின்ல அதைப் பத்திக் கவலை இல்லை. மனுஷங்ககிட்ட வரும்போதுதான் பிரச்சினை.

வால்பாறையில ஒரு சிவப்பு விளக்கு

இந்த வார்த்தை இன்னைக்கு அதிகமாக் காதுல விழுற இடம் காட்டுயிர்ப் பாதுகாப்பு. முன்னாடி 'மனித-விலங்கு மோதல்'னு மட்டும் பேசினவங்க, இப்போ 'ஹியூமன்-வைல்ட்லைஃப் கோஎக்ஸிஸ்டன்ஸ்'னும் பேசுறாங்க. அதுக்கு நம்ம ஊர்லயே ஒரு நல்ல உதாரணம், கோயம்புத்தூர் மாவட்டம் வால்பாறை.

ஆனைமலை மேல ஒரு பீடபூமி. முழுக்கத் தேயிலை எஸ்டேட். நடுநடுவே மிச்சம் இருக்கிற மழைக்காட்டுத் துண்டுகள். சுத்தி ஆனைமலை, பரம்பிக்குளம் மாதிரிப் பெரிய காடுகள். யானைகளுக்கு இது காலங்காலமா நடந்த பாதை. எஸ்டேட் தொழிலாளர்களுக்கு இது வேலைக்குப் போற பாதை. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி, லைன் வீட்டுக்கு இருட்டுல நடந்து வரும்போது, திடீர்னு எதிர்ல யானை. அங்கே உயிர்ச் சேதம் பெரும்பாலும் இப்படித்தான் நடந்துச்சுன்னு அங்கே ஆய்வு செஞ்ச நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் அமைப்பு கண்டுபிடிச்சுது. யானை தேடி வந்து தாக்கினது குறைவு. யானை இருக்கிறது தெரியாம மனுஷங்க கிட்டப் போனதுதான் அதிகம்.

அப்போ தீர்வு என்ன? யானை எங்கே இருக்குன்னு சொல்றது. உள்ளூர் கேபிள் டிவில கீழே ஓடுற எழுத்துல "இன்னைக்கு யானைக் கூட்டம் இந்த எஸ்டேட் பக்கம்"னு தகவல் போட்டாங்க. அப்புறம் கிட்டத்துல வசிக்கிறவங்களோட செல்ஃபோனுக்கு எஸ்எம்எஸ், குரல் அழைப்பு. அப்புறம் முக்கியமான இடங்கள்ல தூரத்துல இருந்தே தெரியற சிவப்பு விளக்கு. யானை பக்கத்துல இருந்தா, செல்ஃபோன்ல இருந்தே அதை எரிய விட முடியும். எரிய விடுறது பல இடத்துல அந்த ஊர்க்காரங்களே. பஸ்ஸை விட்டு இறங்கறவர் சிவப்பு விளக்கைப் பார்த்தா, அன்னைக்கு அந்த வழியில தனியாப் போக மாட்டார். இந்த வேலைக்காக ஆனந்தகுமாருக்கு 2015-ல விட்லி விருது கிடைச்சுது.

இதுல யானைக்கும் மனுஷனுக்கும் அன்பு வந்துச்சுன்னு யாரும் கதை கட்டலை. ரேஷன் கடைல அரிசிக்காக யானை சுவரை உடைக்கிறது அங்கே நடந்துக்கிட்டுதான் இருந்துச்சு. பயம் பயமாவே இருக்கு. ஆனா ரெண்டு பக்கமும் உயிரோட இருக்கணும்னா என்ன தெரிஞ்சிருக்கணுமோ, அது சரியான நேரத்துல சரியான ஆளுக்குப் போய்ச் சேருது.

இப்போ இங்கே ஒரு கேள்வியை நான் என்கிட்டயே கேட்டுக்கிட்டேன். சென்னைல ஏசி ரூம்ல உட்கார்ந்து "யானையோட கோஎக்ஸிஸ்ட் பண்ணக் கத்துக்கணும்"னு நான் போஸ்ட் போடலாம். எனக்கு அதுல ஒரு ரூபாய் செலவு இல்லை. இருட்டுல சுத்து வழில நடக்கிறது, வேலை முடிஞ்சும் வீட்டுக்குப் போகாம காத்திருக்கிறது, உடைஞ்ச சுவரைப் பார்த்துட்டுத் தூங்கறது எல்லாம் எஸ்டேட் லைன்ல இருக்கிறவங்க. 'நாம'ன்னு நான் சொல்ற வாக்கியத்துல, விலை கொடுக்கிறது 'அவங்க'. அந்த விலைல ஒரு பங்கை ஒரு எஸ்எம்எஸ், ஒரு விளக்கு, ஒரு இழப்பீடு வழியா மத்தவங்களும் ஏத்துக்கிட்டாத்தான் அந்த வார்த்தை நேர்மையானது.

திரும்ப எங்க வீட்டு கிச்சனுக்கு

இப்போ என் மெசேஜுக்கு வருவோம். "வி கேன் கோஎக்ஸிஸ்ட்." இலக்கணம் சரி. எழுவாய் 'வி', பன்மை. தப்பே இல்லை.

ஆனா அவ எனக்குக் காட்டினது ஒரு சின்ன ஆரஞ்சு டப்பா. உள்ள பஞ்சு இயர்பிளக். நாலு மாசமா அதைக் காதுல வச்சுத்தான் தூங்கியிருக்கா. ஜன்னலுக்குக் கருப்புத் துணி அவ காசுல வாங்கி மாட்டினது. என் பக்கம் என்ன மாறியிருந்துச்சுன்னு யோசிச்சேன். ஒண்ணுமே இல்லை. ஆறே காலுக்கு மிக்ஸி, அதே வேகம், அதே சத்தம். நான் வைஃபை. சேனலை விட்டு நகரவே இல்லை. அவதான் தாவிக்கிட்டு இருந்தா. அதைப் பார்த்து நான் "பாரு, நாம நல்லாத்தானே கோஎக்ஸிஸ்ட் பண்றோம்"னு சர்டிஃபிகேட் கொடுத்திருக்கேன்.

ரெண்டாவது தப்பு, இடம். பெரிய பகை இருக்கிற இடத்துல இந்த வார்த்தை ஒரு படி மேல ஏத்தும். ஏற்கெனவே நட்பு இருக்கிற இடத்துல இதைப் போட்டா ஒரு படி கீழ இறக்கும். காய்ச்சல் வந்தப்போ கஞ்சி வச்சுக் கொடுத்தவகிட்ட, "நாம ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருக்க முடியும்"னு சொன்னா, அவளுக்கு அது ஃப்ரிட்ஜோட வரிசைலதான் கேட்கும்.

அதனால இந்த வார்த்தையை மெயில்லயோ, மெசேஜ்லயோ, போஸ்ட்லயோ போடுறதுக்கு முன்னாடி நான் இப்போ மூணு கேள்வி கேட்டுக்கிறேன். நீங்களும் எடுத்துக்கலாம்.

யாரு யாரோட? ரெண்டு பெயரையும் வாக்கியத்துல எழுத முடியுதான்னு பாருங்க. எழுத முடியலைன்னா, ஒருத்தரை மறைக்கிறோம்னு அர்த்தம்.

எங்கே கோடு? இடத்துலயா, நேரத்துலயா, தகவல்லயா? கோடு இல்லாத கோஎக்ஸிஸ்டன்ஸ் வெறும் ஆசை.

யாரு நகர்றாங்க? எப்பவும் ஒரே ஆள்னா, அதுக்குப் பேரு கோஎக்ஸிஸ்ட் இல்லை. பஸ்ஸுல கேட்ட அந்த "அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க"தான்.

எங்க வீட்டுல இப்போ சட்னி முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்கே அரைச்சு ஃப்ரிட்ஜுக்குள்ள போயிடுது. அவ லாகின் பண்றதுக்கு முன்னாடி. காலைல தாளிச்சுக் கொட்டினாப் போதும். ருசி கொஞ்சம் கம்மிதான், பொய் சொல்ல மாட்டேன். அது என் பங்கு விலை. அவ இயர்பிளக்கை இன்னும் தூக்கிப் போடலை. என்னை அவ்வளவு நம்பலை போல!

இந்த எபிசோடை அவகிட்ட கேட்டுட்டுத்தான் பதிவு பண்ணேன். "மிக்ஸி மேட்டர் சொல்லு, ஆனா ஃப்ரிட்ஜ் டயலாக் என்னோடதுன்னு சொல்லணும்"னு கண்டிஷன் போட்டா. சொல்லிட்டேன்.

உங்க வீட்டுல, ஆஃபீஸ்ல யாரு வைஃபை, யாரு புளூடூத்னு இந்த வாரம் கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. அடுத்த வாரம் இன்னொரு வார்த்தையோட வர்றேன்.